பூட்டிக் கிடந்த வீட்டில் தெள்ளுப்பூச்சி

தம்பி, வெளிநாடு வந்து நாலு மாதம், கார்ப்பெட் விரித்த வாடகை வீட்டுக்குக் குடிவந்து பத்து நாள், கணுக்காலைச் சுற்றிச் சிவப்புத் தடிப்பு, தத்தெடுத்த பூனை ஓயாமல் சொறிகிறது, சொட்டு மருந்து விட்டும் நிற்கவில்லை. இது உண்ணியா, வீட்டையே மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில், வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். என் கண் அதில்தான் நின்றது. பதினெட்டு வருடத்துக்கு முன் நான் எடுத்த முதல் வீடும் அப்படித்தான்.

உங்களைக் கடிப்பது உண்ணியாக இருக்காது, தெள்ளுப்பூச்சியாகத்தான் இருக்கும். உண்ணி குதிக்காது. தோலைக் கவ்விப் பிடித்து நாள்கணக்கில் ஒரே இடத்தில் இருக்கும், இரத்தம் குடித்து மொச்சைக்கொட்டை போல உப்பும். தெள்ளு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், செம்பழுப்பு நிறம், முடிக்குள் ஓடும், விரல் வைத்தால் துள்ளி மறையும். சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது. ஈரமான வெள்ளைத் தாள்மேல் பூனையை நிறுத்தி, வாலடியில் பேன்சீப்பால் வாருங்கள். மிளகுத்தூள் மாதிரிக் கறுப்பாக விழும். இரண்டு நிமிடத்தில் அந்தத் துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால், அது தெள்ளின் எச்சம். பூனையின் இரத்தம்தான் அப்படி வெளியே வருகிறது. வெறும் மண்ணென்றால் நிறம் கசியாது.

சரி, மருந்து விட்டும் ஏன் போகவில்லை? பூனைமேல் இருப்பவை வளர்ந்த பூச்சிகள் மட்டும்தான், மொத்தத்தில் அவை சிறு பங்கு. ஒரு பெண் தெள்ளு நாளுக்கு நாற்பது முட்டை வரை இடும். அவை முடியில் ஒட்டாமல் உதிர்ந்து கார்ப்பெட்டுக்குள்ளும் சோபா இடுக்கிலும் விழும். புழு வெளிச்சத்துக்குப் பயந்து அடியில் போய்விடும், பிறகு கூடு கட்டும். அந்தக் கூட்டுக்குள் மருந்து எளிதில் போகாது. உள்ளே இருப்பது மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வும் உடல் சூடும் மூச்சுக்காற்றும் பட்டதும் வெளியே வரும். பூட்டிக் கிடந்த வீட்டில் நீங்கள் கால் வைத்ததும் நடந்தது அதுதான். ஆகவே பூனையை வெறுக்காதீர்கள், அது கொண்டு வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது.

வேலை கார்ப்பெட்டில்தான். தினமும் வேக்குவம் போடுங்கள். கட்டில் அடி, சுவரோரம், மெத்தை இடுக்கு எதையும் விடாதீர்கள். அந்த அதிர்வே கூட்டை உடைத்துப் பூச்சியை வெளியே வரவைக்கும். குப்பையை உடனே கட்டி வெளியே போட்டுவிடுங்கள். பூனை படுக்கும் துணிகளை வாரம் ஒரு முறை 60 டிகிரியில் துவையுங்கள். வீட்டுக்கு ஸ்பிரே வாங்கினால் மெத்தோபிரீன் அல்லது பைரிபிராக்சிஃபென் இருக்கிறதா என்று பாருங்கள். முட்டையும் புழுவும் வளராமல் தடுப்பவை அவைதான். அடித்தபின் காயும்வரை பூனையை வேறு அறையில் வையுங்கள். இத்தனையும் செய்தாலும் புதுப் பூச்சி வந்துகொண்டுதான் இருக்கும். எனக்கு மூன்று மாதம் ஆனது. வெள்ளை சாக்ஸ் போட்டு அறைக்குள் நடந்து, ஏறும் கறுப்புப் புள்ளிகளைத் தினமும் எண்ணுவேன். முதல் வாரம் பதினேழு, கடைசியில் ஒன்றுமில்லை.

இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: நாய்க்கு விற்கும் மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். பூனைக்கு அது விஷம், வலிப்பு வந்து உயிரே போகும். மொழி புரியாத ஊரில் பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்து வாங்கிவிடுவோம், தம்பி. கால்நடை மருத்துவரிடம் எடை சொல்லி வாங்குங்கள். பூனையின் வாலடியில் அரிசி மணி போல ஏதாவது ஒட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். தெள்ளை நக்கி விழுங்குவதால் வரும் நாடாப்புழு அது.

வீட்டுக்காரருக்கு இன்றைக்கே எழுதுங்கள், படமும் தேதியும் வைத்து. சுத்தமில்லாதவர் என்று நினைப்பார்களோ என்று நான் ஒரு மாதம் வாயே திறக்கவில்லை. எத்தனை பளிச்சென்ற வீட்டிலும் இது வரும்.

அப்புறம் உண்ணி. புல்வெளி, காட்டுப் பாதை என்று நடக்கத் தொடங்கினால் அதையும் பார்க்கத்தான் வேண்டும். புல் நுனியில் முன்கால்களை நீட்டிக் காத்திருந்து, உரசிப் போகிறவர்மேல் ஏறிக்கொள்ளும். வீடு திரும்பியதும் உங்கள் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பைப் பாருங்கள். பூனை வெளியே போகிறதென்றால் காது, கழுத்துப் பட்டைக்கு அடியில், விரலிடுக்கு. ஒட்டியிருந்தால் எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், நேராக மெல்ல இழுங்கள். தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் விரிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய் உண்ணி கடித்தது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.