கர்நாடக சங்கீதம் மட்டும் படித்த ஒருவர் கல்லூரியில் மேலைத்தேய இசைக் கோட்பாடும் ஹார்மனியும் (பல குரல்களை ஒரே நேரத்தில் இசையச் சேர்க்கும் முறை) படித்துத் தாக்குப்பிடிக்க முடியுமா?

முடியும். நான் படித்தேன்.

பிறந்து வளர்ந்தது திருகோணமலை. சின்ன வயதிலிருந்து வாய்ப்பாட்டு, வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகள், ஏ.எல். (உயர்தர) பரீட்சையில் கர்நாடக சங்கீதம். அதற்குப் பிறகுதான் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் மேலைத்தேய இசை டிப்ளோமாவுக்குச் சேர்ந்தேன். "ஹார்மனி முழுக்கக் கணக்கு, சின்னனிலேயே பியானோ பழகாவிட்டால் ஏறாது என்கிறார்கள், உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதையே என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும் தம்பி. வீட்டில் பியானோ இருக்காது, ஒரு கீபோர்ட் இருக்கும். "ரெண்டையும் போட்டுக் குழப்பாத" என்று சங்கீத டீச்சர் சொல்லியிருப்பா. "படிச்சு என்ன வேலை எடுக்கப் போறாய்?" என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மற்றதற்கு இருக்கிறது.

முதல் வாரமே ஒரு விரிவுரையாளர் வகுப்பில் வைத்துச் சொன்னார்: கீழைத்தேய இசையிலிருந்து வருபவர்களுக்கு மெட்டு மட்டும்தான் கேட்கும், கீழே நடப்பது கேட்காது. அடுத்த வாரம் டிக்டேஷன், அதாவது கேட்டு எழுதும் பயிற்சி. பியானோவில் நான்கு கோர்ட் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டு) வாசிப்பார், அடிக்குரலை நாங்கள் எழுத வேண்டும். பியானோவில் கிரேட் 8 பரீட்சை முடித்த பிள்ளைகள் 'சி'யா 'எஃப்'ஆ என்று எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது ஸ-ம-ப-ஸ என்று கேட்டது. அடுத்ததை வேறு கட்டைக்கு, அதாவது வேறு சுருதிக்கு மாற்றி வாசித்தார். அப்போதும் ஸ-ம-ப-ஸதான். அன்று எல்லாவற்றையும் சரியாக எழுதியவள் நான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கதையும் எடுக்கவில்லை.

இதில் மாயம் எதுவும் இல்லை. ஹார்மனிப் புத்தகங்கள் கோர்ட்டுகளுக்கு ரோமன் இலக்கம் போடுவது, அந்தக் கோர்ட்டின் மூலச் சுரம் ஆதார சுரத்திலிருந்து எத்தனையாவது என்று சொல்லத்தான். ஸ-வை வைத்து மற்றதை அளக்கும் காது சரளி வரிசை என்ற ஆரம்பப் பாடத்திலேயே எங்களுக்கு அமைந்துவிடுகிறது. பியானோக்காரரை நான் குறைத்துப் பேசவில்லை. அவர்களுடைய விரல்களுக்குத் தெரிந்தது எனக்கு இன்றும் தெரியாது.

கீழே இருப்பதைப் பாடிப் பாருங்கள். மேல்குரலிலிருந்து அடிக்குரல் வரை நான்கு குரல்கள், சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள்தான்.

சொப்ரானோ: க – ம – ரி – ஸ
ஆல்டோ: ஸ – ஸ – நி – ஸ
டெனர்: ப – த – ப – க
பாஸ்: ஸ – ம – ப – ஸ

ஆல்டோவில் நி மட்டும் மந்திர ஸ்தாயி (கீழ் ஸ்தாயி). டெனரும் பாஸும் முழுக்க மந்திர ஸ்தாயி. கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) வேண்டாம், நேராகப் பிடியுங்கள். ஆல்டோவைத் தனியே பாடினால் ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். முதல் இரண்டு கோர்ட்டிலும் அதே ஸ. ஆனால் பாஸ் ம-வுக்கு நகர்ந்தவுடன், அசையாமல் நின்ற அந்த ஸ-வின் குணமே மாறிவிடும். மூன்றாவது கோர்ட்டில் நி எப்படித் தவித்து மேல் ஸ-வுக்கு ஏறுகிறது என்று கேளுங்கள். "லீடிங் நோட் மேலே போக வேண்டும்" என்று புத்தகம் சொல்லும் விதி இவ்வளவுதான். டிப்ளோமாவுக்கு முன்பே திருகோணமலையில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் நத்தார்க் காலத்தில் ஆல்டோ பாடப் போயிருந்தேன். சைவப் பிள்ளை என்று ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஹார்மனியை நான் உடம்பால் உணர்ந்தது அந்த வாங்கில், இருபக்கமும் வேறு குரல்கள் ஒலிக்க என் வரியை விடாமல் பிடித்து நின்றபோது.

அடுத்து, எல்லோரும் பயப்படும் சமாந்தர ஐந்தாம் இடைவெளி. இரண்டு குரல்கள் ஸ-ப இடைவெளியிலேயே ஒட்டிக்கொண்டு ஒன்றாக நகரக்கூடாது என்பது விதி. ஸ-ப 3:2 என்ற எளிய விகிதம். இரண்டும் கரைந்து ஒன்றாகிவிடும், நான்கு குரல் மூன்றாகக் கேட்கும். தம்புராவில் நாங்கள் தேடுவதே அந்தக் கரைதலைத்தான். இயற்கை விதி என்றும் நினைக்க வேண்டாம். 9ஆம் நூற்றாண்டுத் தேவாலயப் பாடல் முறையில் இப்படிச் சமாந்தரமாகவே பாடியிருக்கிறார்கள். கல்லூரியில் படிப்பது பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டு நடைமுறை. பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோவின் ஹார்மனி நூல் 1722இல் வந்தது, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 371 நாற்குரல் கோரல்களைத்தான் (தேவாலயப் பாடல்கள்) இன்றும் வகுப்பில் பிரித்துப் பார்க்கிறார்கள்.

எங்களுக்கு உண்மையில் கஷ்டமான இடம் வேறு. எங்கள் கச்சேரி முழுக்க ஸ அசையாது. மேலைத்தேய இசையில் ஸ இடம் மாறும். சங்கராபரணம் போலப் போய்க்கொண்டிருக்கும் வரியில் திடீரென்று பிரதி மத்யமம் (உயர்ந்த ம) வரும். எங்கள் காது உடனே "கல்யாணி ராகம்" என்று சொல்லிவிடும். அங்கே அப்படி இல்லை. ப-தான் புது ஸ, அந்தப் பிரதி மத்யமம் புது நி. அதைக் காது ஒப்புக்கொள்ள எனக்கு மாதக்கணக்கில் எடுத்தது. கைகொடுத்தது கிரக பேதப் பயிற்சி, அதாவது ஒரு ராகத்தில் ஸ-வை இடம் மாற்றிப் பாடுவது. சங்கராபரணத்தை ப-விலிருந்து ஸ ஆக வைத்துப் பாடினால் ஹரிகாம்போதி வரும். அதன் நி-யை மட்டும் காகலி நிஷாதமாக (உயர்ந்த நி) ஏற்றுங்கள், புதிய சுருதியில் சங்கராபரணம் கையில் இருக்கும். இதை இரண்டு பக்கமும் பாடிப் பழகாமல் மொடியுலேஷன் (இப்படி ஸ இடம் மாறுவது) பாடத்துக்குள் கால் வைக்காதீர்கள்.

பியானோ இல்லை என்று கவலைப்பட வேண்டாம். 61 கட்டைக் கீபோர்டில் ஐந்து ஸ்தாயி இருக்கிறது, நான்கு குரலுக்கும் போதும். அதன் அந்தர காந்தாரம் (சங்கராபரணத்தின் க) உங்கள் காதுக்குக் கொஞ்சம் கூர்மையாகக் கேட்கும். பிழை உங்கள் காதில் இல்லை. தம்புராவில் தானாக எழும் காந்தாரத்தைவிடக் கீபோர்ட் காந்தாரம் ஏறக்குறைய 14 சென்ட் உயரம் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்).

பயிற்சிக்கு, எங்கள் ஒழுங்கைகளில் பாண் விற்கும் ஓட்டோ போட்டுக்கொண்டு வரும் மெட்டையே எடுங்கள். பேத்தோவனின் ஃபூர் எலிஸ், 1810. ஓட்டோவில் வருவது மேல் மெட்டு மட்டும்தான். மெட்டு ஸ-வில் இறங்கும்போது இடது கை ஸ-ப-ஸ, ரி-யில் வந்து நிற்கும்போது ப-ப-நி. அதைச் சேர்த்து வாசித்தால் தினமும் கேட்ட மெட்டுக்கு அடியில் என்ன இருந்தது என்று தெரியும்.

கேட்காததையும் ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இசை படித்தவர் என்று தெரிந்ததும் ஊரில் எல்லோரும் "சும்மா வந்து ரெண்டு பாட்டு வாசிச்சிட்டுப் போங்கோவன்" என்பார்கள். பந்தல்காரருக்குக் காசு, சவுண்ட்காரருக்குக் காசு, வீடியோக்காரருக்கு அட்வான்ஸ். வாசிப்பவருக்குப் பொன்னாடை. போன வருடம் ஒரு விழாவுக்கு நான்கு குரலுக்கு எழுதி, பிள்ளைகளைப் பழக்கி மேடையேற்றினேன். பஸ் காசுகூடத் தரவில்லை. கேட்டதற்கு "கலைக்கு விலை பேசலாமா?" என்றார்கள். பேசலாம். நான் இப்போது பேசுகிறேன். நீங்களும் முதல் நிகழ்ச்சியிலேயே பேசுங்கள்.

இனி உங்கள் விஷயம். ஏபிஆர்எஸ்எம் (பிரித்தானிய இசைப் பரீட்சைச் சபை) கோட்பாட்டுப் பரீட்சை கிரேட் 5 வரை ஒன்லைனில் எழுதலாம். நோட்டேஷன், இடைவெளி, கீ எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஹார்மனி சூடுபிடிப்பது கிரேட் 6 முதல் 8 வரை. இலங்கைப் பல்கலைக்கழகம்தான் வேண்டுமென்றால் கொழும்பிலுள்ள கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்தின் அனுமதி விதிகளை நேரடியாகக் கேட்டுப் பாருங்கள். மட்டக்களப்பு விபுலானந்த நிறுவகமும் யாழ்ப்பாணத்தில் மருதனார்மடத்திலுள்ள இராமநாதன் நுண்கலைக் கழகமும் கர்நாடக சங்கீதத்தைத் தொடர நல்ல இடங்கள், ஹார்மனிக்காக அங்கே போக வேண்டாம். அதற்கிடையில் மேலே கொடுத்த நான்கு வரியில் மூன்றை ஒவ்வொன்றாகக் கீபோர்டில் பதிவு செய்து, நான்காவதை மேலே பாடுங்கள். ஆல்டோவில் தொடங்குங்கள்.