எரிகிற காலுக்குச் சூடு தெரியாமல் போவது ஏன்?

கேள்வி: என் அம்மாவுக்கு 12 வருடங்களாகச் சர்க்கரை நோய். பாதம் எரிகிறது என்று இரவெல்லாம் தூங்காமல் தவிக்கிறார். ஆனால், வெந்நீர்ப் பை சுட்டுப் பாதத்தில் கொப்புளம் வந்தது அவருக்குத் தெரியவே இல்லை. எரிச்சல் தெரிகிற காலுக்குச் சூடு எப்படித் தெரியாமல் போகும்?

பதில்: முதலில், அந்தக் கொப்புளத்தை உடைக்காமல் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். விளக்கத்தை அப்புறம் படிக்கலாம்.

தோலில் ஒவ்வொரு உணர்வுக்கும் தனித்தனி ஏற்பிகள், அதாவது உணர்வைப் பிடிக்கும் நுண்ணமைப்புகள், உண்டு. அழுத்தத்தை உணர்பவை மெர்க்கல் செல்கள். அதிர்வைப் பிடிப்பவை, தோலின் ஆழத்தில் வெங்காயம்போல அடுக்கடுக்காக இருக்கும் பசினியன் ஏற்பிகள். சூட்டுக்கும் வலிக்கும் இப்படி உறை எதுவும் கிடையாது. மெல்லிய நரம்பு நுனிகளே அந்த வேலையைச் செய்கின்றன. அந்த நுனிகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் இருக்கிறது. சூடு சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது திறந்துகொள்ளும். மின்னூட்டம் கொண்ட துகள்களான அயனிகள் உள்ளே பாய்ந்து நரம்பில் மின்துடிப்பு கிளம்பும். மிளகாயின் காரமும் இதே புரதத்தைத்தான் திறக்கிறது, அதனால்தான் வாய் எரிகிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மூளைக்குப் போய்ச் சேருவது சூடு அல்ல, அந்தத் துடிப்பு மட்டுமே. கட்டுப்படாத சர்க்கரை நரம்புகளைச் சிதைக்கும்போது, நீளமானவைதான் முதலில் அடிபடும்; அதனால்தான் கால்விரல்களில் தொடங்குகிறது. நுனிகள் அழிந்த இடத்தில் சூடு தெரியாது. மிச்சமிருக்கும் பழுதான நரம்புகளோ, யாரும் தொடாமலே துடிப்பை அனுப்பும். மூளை அதை எரிச்சல் என்று எடுத்துக்கொள்கிறது. அம்மா சொல்வது இரண்டுமே உண்மை, தயவுசெய்து சந்தேகப்படாதீர்கள்.

மருத்துவர் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டும், தட்டினால் அதிரும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரலில் வைத்தும் பார்ப்பார். இவை அழுத்தத்துக்கும் அதிர்வுக்குமான சோதனைகள். இரண்டும் சரியாக இருந்தாலும் சூடு தெரியும் என்று நம்பிவிடக் கூடாது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் நரம்பு கெடும்.

வெந்நீர்ப் பை இனி வேண்டவே வேண்டாம். எரிச்சலுக்கென்று ஐஸும் வைக்காதீர்கள். கால் கழுவும் தண்ணீரை நீங்களே முழங்கையால் தொட்டுப் பாருங்கள். மதியத்தில் கோயில் பிரகாரத்தின் கருங்கல்லில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். தினமும் இரவு உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் நல்ல வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். எரிச்சலைக் குறைக்க மாத்திரைகள் உண்டு. மருத்துவரிடம் கேளுங்கள், அம்மா தூங்கட்டும்.