ஹாப்காப்ளின் எத்தனை பேர்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

காமிக்ஸ் வில்லன்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. ஸ்பைடர்மேன் கதைகளில் க்ரீன் காப்ளினாக முதலில் அப்பா வருகிறார், பிறகு மகன், பிறகு மகனுக்குச் சிகிச்சை தந்த மனநல மருத்துவர். அதே கதைகளில் வரும் இன்னொரு வில்லன் ஹாப்காப்ளின் யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். பேட்மேனிலும் க்ளேஃபேஸ் என்ற பெயரில் பல பேர். ஒருவன் செத்ததும் அவன் உடையை இன்னொருவனுக்கு மாட்டிவிடுவது கற்பனை வறட்சிதானே? விற்பனையான பெயரை விட மனமில்லை, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

கே.

அன்புள்ள கே.,

வியாபாரம் உண்டு, மறுக்கவில்லை. 1973இல் முதல் க்ரீன் காப்ளினான நார்மன் ஆஸ்பார்ன் செத்தான், அடுத்த ஆண்டே அவன் மகன் ஹாரி பச்சை முகமூடியோடு வந்துவிட்டான். 1978இல் மருத்துவர் பார்ட் ஹாமில்டன். ஹாமில்டன் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அந்த முகமூடியைப் போட்டுக்கொள்ள அவனுக்கென்று ஆழமான காரணம் எதுவும் இல்லை. வந்தான், போனான்.

ஹாரியை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்பாவின் பெயர் கெடக்கூடாது என்று சடலத்திலிருந்து காப்ளின் உடையைக் கழற்றி மறைத்தவன் அவன். ஊருக்குத் தெரியாமல் ஒளித்த அதே வேடத்தை அவனே தரித்துக்கொள்கிறான், அதுவும் ஸ்பைடர்மேனாகிய தன் அறைத்தோழன் பீட்டர் பார்க்கரைக் கொல்வதற்காக. 1993இல் கடைசி நிமிடத்தில் பீட்டரைக் காப்பாற்றிவிட்டுச் சாகிறான். இருபது ஆண்டுகள் ஒரு மகன் அப்பாவின் முகமூடியோடு மல்லுக்கட்டிய கதை இது. புதிய பெயர், புதிய உடை கொடுத்திருந்தால் இதை எழுதியிருக்கவே முடியாது.

ஆனால் உங்கள் கேள்விக்கு நான் முன்வைக்க விரும்பும் பதில் ஹாப்காப்ளின்தான். ஒரே வேடத்தைப் பலர் போடுவது என்ற உத்தி அதன் முழு அர்த்தத்தை அடைந்தது அவனிடம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

1983இல் எழுத்தாளர் ரோஜர் ஸ்டெர்ன், ஓவியர் ஜான் ரோமிட்டா ஜூனியர் கைவண்ணத்தில் அவன் அறிமுகமானான். நார்மனின் ரகசிய மறைவிடம் ஒரு சில்லறைத் திருடன் கண்ணில் படுகிறது. அவன் அதை ஒரு பெரிய மனிதரிடம் விற்கப் போய் உயிரை விடுகிறான். அந்தப் பெரிய மனிதர் காப்ளினின் ஆயுதங்களை எடுத்து, உடையை ஆரஞ்சும் நீலமுமாக மாற்றித் தைத்துக்கொள்கிறார். முகம் மட்டும் வாசகருக்குக் காட்டப்படவில்லை.

கவனியுங்கள், வந்த சில மாதங்களிலேயே அந்த வேடம் இன்னொருவன் உடம்பில் ஏறிவிடுகிறது. நார்மனுக்குப் பலம் தந்த மருந்து பைத்தியமும் பிடிக்கவைக்கும். அதைத் தன் மேல் சோதித்துப் பார்க்க ஹாப்காப்ளினுக்கு மனமில்லை. லெஃப்டி டோனவன் என்ற அடியாள் மேல் முதலில் சோதிக்கிறான், தன் உடையையும் மாட்டி ஸ்பைடர்மேனிடம் அனுப்புகிறான். தூரத்திலிருந்து குறிப்பெடுக்கிறான். டோனவன் வாயைத் திறக்கும் நிலை வந்ததும் அவன் ஏறிவந்த வாகனத்தைச் சுவரில் மோதவிட்டுக் கொல்கிறான். பிறகு ஃப்ளாஷ் தாம்ஸன் என்ற அப்பாவிக்கு அதே உடையை அணிவித்துப் போலீஸில் சிக்கவைத்ததும் நடந்தது.

நடுவில் ஸ்டெர்ன் விலகினார். எழுதுகிறவர்கள் மாற, முகமூடிக்குள் யார் என்ற யோசனையும் மாறியது. 1987இல் பத்திரிகையாளன் நெட் லீட்ஸ் கொல்லப்பட்டான். அவன் செத்த பிறகு, அவன்தான் ஹாப்காப்ளின் என்று அறிவித்தார்கள். கொலைக்கு ஏற்பாடு செய்த ஜேசன் மாக்கென்டேல் அந்த உடையை எடுத்துக்கொண்டான். லீட்ஸின் மனைவி பெட்டி ப்ராண்ட், வில்லனின் விதவை என்ற பெயரோடு மிஞ்சினாள்.

ஸ்டெர்னுக்கு இது பொறுக்கவில்லை. ஸ்பைடர்மேனோடு சரிக்குச் சரி மோதிய ஒருவனைச் சாதாரணக் கூலிக்கொலைகாரர்கள் எப்படி இவ்வளவு சுலபமாகக் கொன்றார்கள்? 1997இல் மூன்று இதழ்கள் கொண்ட ஒரு குறுந்தொடரில் அவர் பதில் எழுதினார். நிஜமான ஹாப்காப்ளின், ஆடை வடிவமைப்புத் தொழிலதிபர் ரோடரிக் கிங்ஸ்லி. தன்னைத் துப்புத் துலக்கிக்கொண்டு வந்த லீட்ஸைப் பிடித்து மூளைச்சலவை செய்து, தனக்குப் பதிலாக முகமூடி போடவைத்திருக்கிறான். கிங்ஸ்லியாக நடமாடவும் ஓர் ஆள் உண்டு, அச்சு அசல் அவனைப் போலவே இருக்கும் சகோதரன் டேனியல். அதனால்தான் கிங்ஸ்லியும் ஹாப்காப்ளினும் ஒரே இடத்தில் தோன்றிய காட்சியைப் பார்த்த வாசகர்கள் அவனைச் சந்தேகப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள்.

மற்ற வில்லன்கள் தங்கள் முகத்தை மறைக்க முகமூடி போடுகிறார்கள். கிங்ஸ்லிக்கு அது பழியை இடம் மாற்றும் கருவி. குற்றத்தின் ஆதாயம் அவனுக்கு, தண்டனையும் சாவும் உடைக்குள் இருப்பவனுக்கு. பெரிய இடத்துக் குற்றங்கள் உலகில் நடக்கும் விதமே இதுதான். சிக்குகிறவன் எப்போதும் டோனவன், லீட்ஸ். இதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன கதையைக் கற்பனை வறட்சி என்று என்னால் ஏற்க முடியாது. 2010களில் வந்த கதைகளில் கிங்ஸ்லி பழைய வில்லன் வேடங்களை மற்றவர்களுக்குக் குத்தகைக்கு விட்டுப் பங்கு வாங்கும் முதலாளியாகவே ஆகிவிடுகிறான். அவனுக்கு அதைவிடப் பொருத்தமான தொழில் இல்லை.

வேடம் கைமாறுவது நாயகர்களிடமும் உண்டு. ராணி காமிக்ஸில் மாயாவியாக நாம் படித்த ஃபேண்டம், தந்தைக்குப் பின் மகன் என்று மண்டையோட்டின் மேல் சத்தியம் செய்து ஏற்கும் இருபத்தோராவது ஆள். அங்கே உடையோடு கடமையும் சேர்ந்து வருகிறது. வில்லன்களின் உடையைத் திருடுகிறார்கள், பறிக்கிறார்கள், அல்லது லீட்ஸுக்கு நேர்ந்ததுபோல அது திணிக்கப்படுகிறது.

க்ளேஃபேஸ் வேறு ரகம். 1940இல் வந்த முதல் ஆளான நடிகன் பேசில் கார்லோவுக்கு அமானுஷ்ய சக்தி எதுவும் கிடையாது. பின்னால் அதே பெயரில் வந்தவர்களுக்கு உண்டு. 1989இல் இவர்களை ஒரே கதையில் ஒன்றுசேர்த்தார்கள். கார்லோ மற்றவர்களுடைய சக்தியைத் தன் உடம்பில் ஏற்றிக்கொள்கிறான். பெயரைத் தொடங்கிவைத்தவன், பின்னால் வந்தவர்கள் மீது கொண்ட பொறாமை அது. அதே கதையில் இரண்டு க்ளேஃபேஸ்கள் காதலிக்கவும் செய்கிறார்கள். எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

படிக்க விரும்பினால் 1983இன் ஹாப்காப்ளின் இதழ்களை முதலில் படியுங்கள், பிறகு 1987இல் லீட்ஸ் மீது பழி விழும் இதழ், அதன் பின் 1997இன் குறுந்தொடர். மாக்கென்டேல் வரும் இடைப்பட்ட இதழ்களைத் தாண்டிப் போனால் நஷ்டமில்லை. குறுந்தொடரில் பெட்டி ப்ராண்ட் வரும் பக்கங்களை மட்டும் அவசரமாகப் புரட்ட வேண்டாம். படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்