1,234,567 பகா எண்ணா?

கேள்வி: உயர்நிலை 1 படிக்கும் மகளுக்காக 1,234,567-ஐ 2 முதல் 100 வரை எல்லா எண்களாலும் வகுத்துப் பார்த்தேன். எதிலும் மீதியின்றிப் போகவில்லை. அப்படியானால் அது பகா எண்தானே?
– வாசகர், ஈசூன்

பதில்: இல்லை. 127 × 9,721 = 1,234,567. நூறோடு நின்றதுதான் தவறு. வர்க்கமூலம் வரை, அதாவது 1,111 வரை பார்த்திருக்க வேண்டும். அதற்காக எல்லா எண்களும் வேண்டாம், பகா எண்கள் மட்டும் போதும். நூறுக்குள் இருப்பவை 25. 127 என்பது 31-ஆவது. ஆறே படிதான் பாக்கி!

7, 11, 13 மூன்றையும் ஒரே கணக்கில் முடிக்கலாம். அவற்றின் பெருக்கல் 1,001 என்பதால், வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள்: 567 − 234 + 1 = 334. இதை 7-ஆல் வகுத்தால் மீதி 5, 11-ஆல் 4, 13-ஆல் 9. மூன்றும் கழிந்தன. மகளுக்கு இதை அவசியம் காட்டுங்கள், மிக அழகான வழி.

உங்கள் உழைப்பும் வீணில்லை. 9,721-இன் வர்க்கமூலம் 98.6. அதன் காரணி எதுவும் 1,234,567-க்கும் காரணியாகும். நூறு வரை ஒன்றும் இல்லை என்று நீங்களே கண்டுவிட்டீர்கள். ஆகவே 9,721 பகா எண்.