ராணுவப் படத்தில் ரிப்பனைப் பார்க்கும் முன் சட்டைக் கையைப் பாருங்கள்

“கொள்ளுத்தாத்தா ராணுவ உடையில் மூன்று பதக்கங்களோடு நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது, பின்னால் எதுவும் எழுதவில்லை, இதை வைத்து என்ன கண்டுபிடிக்க முடியும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே முடியும். என் கொள்ளுத்தாத்தாவின் படங்களோடு நானும் இரண்டு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அவர் பிரிட்டிஷ் படையில் இருந்தவர், அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்தது அந்தப் பதக்கங்கள்தான். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, அங்குலத்துக்கு 1200 புள்ளியில் ஸ்கேன் செய்யுங்கள். செல்போனில் எடுத்த படம் போதாது. தயவுசெய்து அதை எந்தச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிலும் போட்டுத் தெளிவாக்கவோ வண்ணம் ஏற்றவோ வேண்டாம். அது மங்கலான இடத்தைத் தானே யூகித்து நிரப்பிவிடும், அப்புறம் நீங்கள் பார்ப்பது தாத்தாவின் பதக்கம் இல்லை, கணினி வரைந்த ஒன்று.

அடுத்து, படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பதக்கங்கள் அணிபவரின் இடது மார்பில் இருக்கும், அதாவது பார்க்கும் நமக்கு வலப்பக்கம். ஆண்களின் மேல்சட்டையில் இடது பக்கத் துணி மேலே ஏறியிருக்கும். இரண்டுமே மாறியிருந்தால் படம் கண்ணாடி பிம்பம் போலத் திரும்பியது. பொத்தான் சரியாக இருந்து பதக்கம் மட்டும் வலது மார்பில் இருந்தால், இறந்துபோன உறவினரின் பதக்கத்தை அவர் அணிந்திருக்க வாய்ப்பு உண்டு. பிரிட்டனில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது.

சரி, இப்போது பதக்கங்கள். மார்பின் நடுவிலிருந்து தோள் பக்கமாகப் படியுங்கள், உயர்ந்தது நடுப்பக்கம் முதலில் வரும். நான் தடுமாறியது இங்கேதான். எங்கள் படத்தில் முதலில் இருந்தது நட்சத்திர வடிவப் பதக்கம். மேல் முனையில் கிரீடம், குறுக்கே இரண்டு வாள்கள், பார்க்கவே கம்பீரமாக இருக்கும். அது வீரச் செயலுக்குக் கொடுத்த பதக்கம் என்று வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். உண்மையில் அது முதல் உலகப்போரின் ஆரம்பத்தில் போர்முனைக்குப் போனவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்த வெண்கல ஸ்டார். அதற்கு அடுத்தது நேர்ப்பட்டையில் தொங்கும் வட்டமான வெள்ளிப் பதக்கம், மூன்றாவது வளையத்தில் தொங்கும், சிறகு விரித்த உருவம் பதித்த வெண்கலப் பதக்கம். இந்த மூன்றும் ஒன்றாகவே லட்சக்கணக்கானவர்களுக்குப் போயின. வீரச் செயலுக்கு என்று ஏதாவது கிடைத்திருந்தால் அது ஸ்டாருக்கும் முன்னால் நடுப்பக்கம் இருக்கும். மிலிட்டரி கிராஸ் என்றால் சிலுவை வடிவம், 1916-இல் வந்த மிலிட்டரி மெடல் என்றால் வட்டம். ஸ்டாருக்கு ஆறு முனை இருந்தால் இரண்டாம் உலகப்போர்.

பதக்கம் தொங்கும் ரிப்பனின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான தப்பு இங்கேதான் நடக்கிறது. அந்தக் காலத்துப் பெரும்பாலான போட்டோ பிளேட்டுகளுக்கு, அதாவது படம் பதியும் கண்ணாடித் தகடுகளுக்கு, சிவப்பு தெரியாது, நீலம் அதிகமாகத் தெரியும். அதனால் சிவப்பு கறுப்பாக விழும், கரும் நீலம்கூட வெளுத்துப்போகும், மஞ்சளும் பல நேரம் இருட்டாகத்தான் வரும். மேலே சொன்ன ஸ்டாரின் ரிப்பன் சிவப்பு, வெள்ளை, நீலம் ஒன்றுக்குள் ஒன்று கரைவது போல நெய்தது. படத்தில் பார்த்தால் மார்பின் நடுவை ஒட்டிய ஓரத்தில் கறுப்பாக ஆரம்பித்து அப்படியே வெளுத்துக்கொண்டே போகும். மூன்றாவது பதக்கத்தின் வானவில் ரிப்பனில் சிவப்பு நடுவில் இருப்பதால், நடுவில் கறுத்து இரண்டு ஓரமும் வெளுத்துத் தெரியும்.

எங்களிடம் இன்னொரு படமும் இருந்தது. அதில் பதக்கம் எதுவும் தொங்கவில்லை என்பதால் யாரும் அதைச் சட்டம் போடவில்லை, தகரப் பெட்டியில் கிடந்தது. மார்பில் விரல் அகலத்துக்கு ஒரே ஒரு ரிப்பன் துண்டு, கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும் அதே ரிப்பன். வலது முன்கையில் கூரை முகடு போல மேல்நோக்கிய நான்கு சின்னப் பட்டைகள், அடியில் இருப்பது மட்டும் நல்ல கறுப்பு, மற்ற மூன்றும் வெளிர். கடல் கடந்த சேவைக்கான பட்டைகள் அவை. 1914 முடிவதற்குள் போனவர்களுக்குச் சிவப்பு, அதற்குப் பின் பன்னிரண்டு மாதத்துக்கு ஒன்று நீலம், சிவப்பு எப்போதும் அடியில். கறுப்பாக விழுந்தது சிவப்பு! உடனே சட்டத்தில் இருந்த படத்தை எடுத்து ஸ்டாரின் நடுவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இந்த ஸ்டாரில் 1914 ஸ்டார், 1914–15 ஸ்டார் என்று இரண்டு வகை உண்டு. 1914–15 ஸ்டார் என்றால் நடுவில் ஒரே ஒரு எழுத்துப் பட்டை இருக்கும். எங்களுடையதில் மேலேயும் கீழேயும் இன்னும் இரண்டு சின்னப் பட்டைகள், ஆகஸ்ட், நவம்பர் என்று குறிக்கும் பட்டைகள். அது 1914 ஸ்டார். போரின் முதல் மாதங்களிலேயே அவர் பிரான்சிலோ பெல்ஜியத்திலோ இருந்திருக்கிறார்.

தகரப் பெட்டியில் கிடந்த படத்தில் இடது முன்கையில் செங்குத்தாக ஒரு கோடு. துணி மடிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். 1916-இல் வந்த காயப் பட்டை அது, போரில் காயம்பட்டால் ஒன்று தைத்துக்கொள்வார்கள். அவருக்குக் காயம்பட்டது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, அவர் யாரிடமும் சொன்னதே இல்லை. அன்றைக்கு என் அம்மா அந்தப் படத்தை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

தேதி கணிக்க இன்னும் சில பிடிமானங்கள் சொல்கிறேன். நான் சொன்ன வெள்ளிப் பதக்கமும் வானவில் பதக்கமும் 1919-இல்தான் அறிவிக்கப்பட்டன, ஆக மூன்றும் தொங்கும் படம் அதற்குப் பிந்தியதுதான். தொப்பி முத்திரையில் கிரீடத்தின் உச்சி கும்மட்டம் போல உருண்டு எழும்பியிருந்தால் பெரும்பாலும் 1901-க்கும் 1952-க்கும் இடைப்பட்டது, நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் அநேகமாக எலிசபெத் ராணி காலம். அதிகாரி என்றால் பதவியைக் காட்டும் நட்சத்திரங்களை எண்ணும்போது கவனம், கேப்டனுக்கு மூன்று என்பது 1902-இல் வந்தது, அதற்கு முன் இரண்டுதான்.

படைப்பிரிவைத் தொப்பி முத்திரையும், கழுத்துப்பட்டியில் உள்ள சின்னமும், தோளில் உள்ள பித்தளை எழுத்தும் சொல்லும். மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகாமல் முடிவு செய்யாதீர்கள். பதக்கம் கையில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். முதல் உலகப்போர் ஸ்டாருக்குப் பின்பக்கமும், வட்டப் பதக்கங்களுக்கு விளிம்பிலும் எண், பெயர், பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். அந்த எண்ணோடு லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்க அட்டைகளைத் தேடலாம். சேவைக் கோப்பு கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம், முதல் உலகப்போர்ச் சிப்பாய்களின் கோப்புகளில் பெரும்பகுதி 1940 குண்டுவீச்சில் எரிந்துபோனது.

ஸ்கேன் செய்ததும் பதக்கங்களோடு இரண்டு முன்கைகளையும் தனியாகப் பெரிதாக்கி இந்தப் பதிலின் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பெட்டியில் சட்டம் போடாத வேறு படம் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.