பந்தய ஓட்டுநர் ஒருவர் ஒரு தொடரை விட்டு இன்னொரு தொடருக்கு ஏன் போகிறார்? அங்கே தோற்றதால்தானா?

கேள்வியின் கடைசி வார்த்தைதான் என்னை எழுத உட்காரவைத்தது. "தோற்றதால்தானா?" இதை எங்கள் வீட்டுக் கல்யாணங்களிலும் கோவில் பந்தியிலும் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேட்டவர் வீட்டிலும் ஒரு பையன் கார்ட் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும், அவனுக்கு வேறு தொடரிலிருந்து அழைப்பு வந்திருக்க வேண்டும், சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று பேச ஆரம்பித்திருக்க வேண்டும். அப்படி நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் மலேசியாவில் பந்திங் என்ற ஊரில் கார் பட்டறை வைத்திருக்கும் போமன், அதாவது மெக்கானிக். அப்பா பக்கத்துத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். என் தம்பி சிப்பாங் பந்தயத் தடத்தில் கார் பந்தயம் ஓட்டினான், அப்புறம் அதை விட்டு ராலிக்குப் போனான், அதாவது காட்டுப் பாதையில் ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஓட்டும் பந்தயத்துக்கு. இரண்டிலும் அவன் காரில் கை வைத்தவன் நான். ஃபார்முலா ஒன் அணியில் வேலை பார்த்தவன்தான் இதையெல்லாம் பேசலாம் என்று யாராவது வருவார்கள், வரட்டும். காசு எங்கிருந்து வருகிறது, ஓட்டுநர் சீட் எப்படிக் கைமாறுகிறது என்பதெல்லாம் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது.

என் பதில் இதுதான்: தொடர்ந்து ஓட்டுவதற்காகப் போகிறார்கள். இருக்கிற இடத்தில் சீட் இல்லை, அல்லது சீட்டுக்குக் கொடுக்கக் காசு இல்லை. இன்னொரு இடத்தில் கார் இருக்கிறது, ஓட்ட ஆள் வேண்டும். பெரும்பாலும் கதை இவ்வளவுதான்.

பெரிய இடத்து உதாரணம் ஒன்று. பிரெஞ்சு ஓட்டுநர் பியேர் காஸ்லி 2016-இல் ஜிபி2 தொடரில் சாம்பியன். ஃபார்முலா ஒன்னுக்கு ஒரு படி கீழே உள்ள தொடர் அது, இப்போது அதற்குப் பெயர் ஃபார்முலா 2. அந்தத் தொடரில் சாம்பியன் ஆனவர் மறுபடி அங்கே ஓட முடியாது, விதி அப்படி. மேலே ஃபார்முலா ஒன்னில் இடம் இல்லை. 10 அணி, 20 சீட், அவ்வளவுதான் அப்போது. என்ன செய்வார்? 2017-இல் ஜப்பானுக்குப் போய் அங்குள்ள மேல்மட்டத் தொடரான சூப்பர் ஃபார்முலா ஓட்டினார். ஜெயித்தவரையே வெளியே அனுப்பும் விளையாட்டு இது. அதே வருடம் சிப்பாங்கில் நடந்த கடைசி மலேசிய கிராண்ட் பிரீயில்தான் அவருக்கு டோரோ ரோஸோ அணியின் ஃபார்முலா ஒன் காரில் முதல் வாய்ப்பு கிடைத்தது. அதே மாதம் அமெரிக்க ஃபார்முலா ஒன் பந்தயத்தை விட்டுவிட்டு சூப்பர் ஃபார்முலாவின் கடைசிப் பந்தயத்துக்காக ஜப்பானுக்குப் போனார். சூறாவளியால் அந்தப் பந்தயம் நடக்கவே இல்லை, அரைப் புள்ளியில் பட்டம் போனது. இந்தப் போக்குவரத்தில் அவர் எங்கே தோற்றார் என்று யாராவது காட்ட முடியுமா?

நம் ஆள் நாராயண் கார்த்திகேயனை எடுத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர்க்காரர். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஜோர்டான் அணியில் அறிமுகம், இரண்டாவது பந்தயமே சிப்பாங். நானும் தம்பியும் மேட்டுப் புல்வெளியில் உட்கார்ந்து, மஞ்சள் கார் கண்ணில் படும்போதெல்லாம் கத்தினோம். 11-வதாக முடித்தார். அப்புறம் அவர் போன இடங்களைப் பாருங்கள்: வில்லியம்ஸில் சோதனை ஓட்டுநர், நாடுகளுக்கு இடையிலான ஏ1 ஜிபி தொடரில் இந்திய அணிக்காக 2007-இல் சீனாவின் ஜூஹாயில் வெற்றி, 2010-இல் அமெரிக்காவில் நாஸ்கார் டிரக் பந்தயம், 2011-இல் எச்ஆர்டி அணியில் மறுபடி ஃபார்முலா ஒன், 2014-இல் ஜப்பானில் சூப்பர் ஃபார்முலா, 2019-இல் அங்கேயே சூப்பர் ஜிடி. அந்த வருட முடிவில் ஃபூஜியில் சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் கார்களும் சேர்ந்து ஓடிய சிறப்புப் பந்தயம் ஒன்றை ஜெயித்தபோது அவருக்கு வயது 42. ஒரே இடத்தில் பிடித்துத் தொங்கியிருந்தால் எச்ஆர்டி 2012 முடிவில் மூடப்பட்டதோடு அவர் கதையும் முடிந்திருக்கும்.

2012-இல் சிப்பாங்கில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தை இழுத்து வருவார்கள் என்று தெரியும், நானே சொல்லிவிடுகிறேன். மழையில் பந்தயம் நிறுத்தப்பட்டபோது அந்தப் பின்வரிசைக் காரை 10-வது இடத்தில் வைத்திருந்தார் நாராயண். ஆரம்பத்திலேயே முழு மழை டயரோடு கிளம்பிய துணிச்சல் அது. பிறகு அப்போதைய உலக சாம்பியன் வெட்டலோடு உரசல், வெட்டலுக்கு டயர் போனது, நாராயணுக்கு 20 நொடி தண்டனை. அது பதிவில் இருக்கிறது, நான் மறைக்கவில்லை. ஆனால் நம்மவர்களே அந்த உரசலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு 10-வது இடத்தை மறந்துவிட்டார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, என் தம்பி கதைக்கு வருகிறேன்.

அவன் ஓட்டியது ஒரே வகைக் கார்கள் ஓடும் உள்ளூர்த் தொடர். இன்ஜினுக்கு சீல் வைத்திருப்பார்கள், பிரித்து எதுவும் செய்ய முடியாது. அதனால் எல்லாருக்கும் சமம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். சமம் கிடையாது. தகுதிச் சுற்றுக்குப் புது டயர் போடுகிறவனும் போன பந்தயத்தில் தேய்ந்த டயரைத் திருப்பிப் போடுகிறவனும் ஒரே நேரத்தில் சுற்றி வர முடியாது. சிப்பாங் 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. மதிய வெயிலில் தார் கொதிக்கும். முன்சக்கர இழுவைக் காரில் முன் டயர்தான் இழுக்க வேண்டும், திருப்ப வேண்டும், பிரேக்கின் பாரத்தையும் தாங்க வேண்டும். பாதிப் பந்தயத்தில் அது செத்துவிடும். வசதியான அணிகள் வெள்ளிக்கிழமையே பந்தயத் தடத்தை வாடகைக்கு எடுத்துப் பயிற்சி பண்ணும். நாங்கள் சனிக்கிழமை காலையில் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போவோம். அந்த நிலைமையிலும் அவன் முதல் ஆறுக்குள் வந்தான், மழை வந்தால் அதற்கும் மேலே வருவான்.

டயருக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் கிள்ளானில் உதிரி பாகக் கடை வைத்திருந்த ஒரு தவுக்கே (சீன முதலாளி) உதவினார். நல்ல மனிதர். அடுத்த சீசனில் அவருடைய மகனே ஓட்ட ஆசைப்பட்டான். காசு அவருடையது, சீட் அவர் மகனுக்குப் போனது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, எந்த அப்பாவும் செய்வதுதான். ஆனால் தம்பிக்கு இருந்தது இரண்டே வழி. வீட்டை அடகு வைத்துச் சொந்தக் காசில் ஓட்டலாம், அல்லது சும்மா உட்காரலாம். ஒரு சீசன் சும்மா உட்கார்ந்த ஓட்டுநரை அடுத்த சீசனில் யாரும் தேடுவதில்லை.

அப்போதுதான் ஜொகூரிலிருந்து ஒரு ராலிக் குழு பேசியது. அவர்களுடைய ஓட்டுநர் வேலை கிடைத்து சிங்கப்பூர் போய்விட்டார். மழைப் பந்தயம் ஒன்றில் தம்பி கார் பின்னால் வழுக்கியதும் அதை அவன் நிறுத்திய விதமும் அவர்கள் கண்ணில் பட்டிருந்தது. "கார் எங்களது, டயர் எங்களது, எண்ணெய் எங்களது. நீ வந்து ஓட்டு தம்பி" என்றார் குழுவின் பெரியவர். அம்மாதான் பயந்தார். "மரத்துக்கு நடுவுல ஓட்டுறதா? சிப்பாங்குல மணல் மேடாவது இருக்குடா." நியாயமான பயம். ராலியில் பாதை தவறினால் மரம்தான்.

ஆனால் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. மலேசியாவில் ராலி எங்கே ஓடுகிறது? செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துச் செம்மண் சடக்கில், அதாவது மண் ரோட்டில். என் தம்பி வண்டி பழகியதே அந்தச் சடக்கில்தான். குலை ஏற்றிய டிரெய்லரோடு அப்பா டிராக்டரில் போகும்போது இவன் அவர் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங் வளையம் பிடித்தவன். வளர்ந்த பிறகு தோட்டத்துப் பழைய வேனில் நாள் முழுக்க அதே பாதை. மழை பெய்து ஐந்து நிமிடத்தில் செம்மண் எப்படி மாறும், எந்த நிறம் பிடிக்கும், எந்த நிறம் வழுக்கும் என்பதைக் கண்ணாலேயே சொல்வான். சர்க்கிட்டில் (சுற்றிச் சுற்றி ஓடும் தார்த் தடத்தில்) இருந்து வந்தவர்கள் இதைக் கற்றுக்கொள்ளப் படாத பாடு படுகிறார்கள். கிமி ராய்க்கோனன் 2007-இன் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன். 2010, 2011 இரண்டு வருடம் உலக ராலியில் ஓட்டினார். துருக்கியில் 5-வது இடம் வந்ததுதான் அவருடைய அதிகபட்சம். அவருக்கு வேகம் இல்லை என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? வேலையே வேறு. சர்க்கிட்டில் ஒரே வளைவை மறுபடி மறுபடி எடுத்துக் கூர்மையாக்கலாம். ராலியில் அந்த வளைவைக் கண்ணால் பார்க்கும் முன்பே பக்கத்தில் இருப்பவர் வாசிக்கும் குறிப்பை நம்பி காரைத் திருப்ப வேண்டும்.

தம்பியின் முதல் ராலி ஜொகூரில், கொட்டும் மழையில். ஒரு வளைவில் பக்கவாட்டுக் கதவு செம்பனை மட்டையில் அடித்து நசுங்கியது. சர்வீஸ் இடத்தில் சேற்றில் படுத்துக்கொண்டு நான் பின்பக்க அப்சார்பரை மாற்றினேன். அவன் பிரிவில் மூன்றாவதாக முடித்து மேடை ஏறினான். அந்தப் படத்தை அம்மா சாமி மாடத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அடுத்த வாரம் ஒரு கல்யாணத்தில் சித்தப்பா ஒருவர் கேட்டார்: "என்னப்பா, சிப்பாங்குல தோத்துட்டு இப்போ காட்டுல ஓட்டுறானாமே?" பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். நான் பதில் சொல்லவில்லை, மரியாதைக்காக. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பால்மரம் வெட்டிய (ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்த) எங்கள் பாட்டிக்குத் தெரியும், மரத்தை அழித்து மறுநடவு செய்தால் பால் வெட்டுகிறவர் அடுத்த மர நிரைக்குப் போவார். அவரைப் பார்த்து யாரும் தோற்றுப்போனார் என்று சொன்னதில்லை.

சடக்கு என்றதும் இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தம்பி பழகிய அந்தப் பாதைக்கு இப்போது இரும்புக் கதவு போட்டிருக்கிறார்கள். தோட்டம் கைமாறிவிட்டது. பாதி இடத்தில் வீடமைப்பு வரப்போகிறது என்கிறார்கள். உள்ளே இருக்கும் எங்கள் முனீஸ்வரன் கோவிலுக்கு விளக்கு வைக்கப் போனால் காவலாளியிடம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். திருவிழாவுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். எங்கள் தாத்தா காடு வெட்டிய இடம் அது. பையன்கள் பந்து உதைத்த திடலும் போய்விட்டது. அப்புறம் இதே பையன்கள் ராத்திரியில் பெரிய ரோட்டில் மோட்டார் முறுக்குகிறார்கள் என்று பத்திரிகையில் திட்டுகிறோம். கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று சொல்பவர்கள் சொல்லுங்கள். வண்டி பழக ஒரு இடம் இல்லாமல் ஓட்டுநர் எங்கிருந்து வருவான்?

"திறமை இருந்தால் ஸ்பான்சர் தானாக வருவார்" என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். ஐயா, ஃபார்முலா 2-இல் ஒரு சீசனுக்கே மில்லியன் யூரோவைத் தாண்டிக் கேட்கிறார்கள். ஃபார்முலா ஒன் ஓட்ட சூப்பர் லைசன்ஸ் வேண்டும், அதற்கு மூன்று சீசனில் 40 புள்ளி சேர்க்க வேண்டும். ஃபார்முலா 2-இல் முதல் மூன்று இடத்தில் வந்தால் அது மொத்தமும் கிடைக்கும், மற்ற பல தொடர்களில் சாம்பியன் ஆனாலும் அவ்வளவு கிடைக்காது. அதனால் காசு உள்ளவன் அங்கே வரிசையில் நிற்கிறான். காசு இல்லாதவன், சம்பளம் கிடைக்கும் இடம் எது என்று பார்க்கிறான். ஜிடி (ஸ்போர்ட்ஸ் கார்) பந்தயங்களிலும் நீண்டநேரப் பந்தயங்களிலும் அப்படி இடம் உண்டு. அங்கே ஓட்டுநர்களுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். காசு கொடுத்து ஓட்டும் வெண்கலத் தர முதலாளிக்குப் பக்கத்தில் காசு வாங்கி ஓட்டும் தொழில்முறை ஓட்டுநர் வேண்டும். ஒற்றை இருக்கைக் கார்களில் வளர்ந்த நம் நாட்டுப் பிள்ளைகள் ஜாஸ்மான் ஜாஃபார், வெய்ரான் டான், நபில் ஜெஃப்ரி மூவரும் 2018-இல் ஒரே காரில் உலக நீண்டநேரப் பந்தயத் தொடரில் ஓட்டி, ஜப்பானின் ஃபூஜியில் எல்எம்பி2 என்ற கார்ப் பிரிவை ஜெயித்தார்கள். மலேசியர் மட்டுமே ஓட்டிய கார். பந்திங் கடைத்தெருவில் அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்கவில்லை.

ராலியிலும் நம் நாட்டுக்காரர் இருக்கிறார். கரம்ஜித் சிங், 2002-இல் மலேசியாவின் புரோட்டோன் காரில் உலக ராலியின் புரொடக்‌ஷன் கார் பிரிவுப் பட்டம் வாங்கினார். "காட்டுல ஓட்டுறது" மட்டம் என்று நினைப்பவர்கள் அதைத் தேடிப் படியுங்கள்.

ஆசைப்பட்டோ அணியோடு ஒத்துப்போகாமலோ மாறுகிறவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஃபார்முலா ஒன்னில் இரண்டு முறை சாம்பியனான அலோன்சோ, அமெரிக்காவின் இண்டி 500, பிரான்ஸின் 24 மணி நேர லெ மான், பாலைவன டாக்கார் ராலி என்று சுற்றிவிட்டு 2021-இல் ஃபார்முலா ஒன்னுக்கே திரும்பினார். மான்செல் 1992-இல் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வாங்கிய கையோடு, அவர் அணி ப்ராஸ்ட் என்ற இன்னொரு ஓட்டுநரை எடுத்துக்கொண்டதால், அமெரிக்காவுக்குப் போய் 1993-இல் அங்குள்ள இண்டிகார் தொடரிலும் சாம்பியன் ஆனார். ஆனால் அவர்களுக்கு எந்தக் கதவும் திறக்கும். உங்கள் வீட்டுப் பையனுக்கு அப்படி இல்லை என்பதால் கேட்கிறேன்: வந்திருக்கும் அழைப்பில் டயர் யார் செலவு, சீட் முழு சீசனுக்கா ஒரு பந்தயத்துக்கா, கார் சேதமானால் யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். தம்பியின் ஒப்பந்தத்தில் அந்த வரி தெளிவாக இருந்ததால்தான் கதவு நசுங்கியபோது எங்கள் பட்டறைக் காசு போகவில்லை. தாளில் எழுதித் தர மறுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எழுதித் தந்தால், பையனுக்கும் பிடித்திருந்தால், சொந்தக்காரர்கள் பேச்சைக் காதில் வாங்காமல் அனுப்புங்கள். ஒப்பந்தம் மலாயில் இருந்து புரியவில்லை என்றால் கீழே கருத்தில் கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.