மூளை ஸ்கேனுக்குச் சங்கிலியை அடைவு வைக்கலாமா?

கேள்வி: என் தங்கைக்கு 24 வயது. ஒரு வைத்தியர் 'பைபோலார்' என்றார். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் 'போர்டர்லைன்' என்கிறார். சித்திரையில் பத்து நாள், இரவில் மூன்று மணி நேரம்கூட உறங்காமல் ஓடித் திரிந்து, தவணைக் காசுக்கு மூன்று தையல் மெஷின் எடுத்தாள். மறுகா இரண்டு மாதம் படுக்கைதான். அதுபோக, கட்டாரில் இருக்கும் மாப்பிள்ளை மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதில் போடாவிட்டால் கோப்பை பறக்கும். அவர் கோல் எடுத்ததும் சிரிப்பு. அம்மா செய்வினை என்கிறா. கொழும்பில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் எந்த நோய் என்று தெரிந்துவிடாதா? சங்கிலியை அடைவு வைக்க யோசிக்கிறேன்.
— ஓர் அக்கா, களுவாஞ்சிக்குடி

பதில்: சங்கிலி பெட்டியிலேயே இருக்கட்டும். கட்டி, வலிப்பு என்று ஏதும் சந்தேகப்பட்டு வைத்தியரே ஸ்கேன் எழுதித் தந்தால் எடுக்கத்தான் வேண்டும். பைபோலார் என்பது மனம் நாட்கணக்கில் உச்சத்துக்கு ஏறி, வேறு காலங்களில் சோர்வில் விழும் நோய்; போர்டர்லைன் என்பது உறவில் சின்ன உரசலுக்கும் மனம் கொந்தளிக்கும் ஆளுமைச் சிக்கல். ஆனால் இரண்டில் எது என்று சொல்லும் ஸ்கேன் கொழும்பில் மட்டுமில்லை, உலகத்தில் எங்கும் இல்லை.

அப்போ மூளையில் வித்தியாசமே கிடையாதா? உண்டு. 2018 இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 6,503 பேரின் ஸ்கேன்களை ஆராய்ந்தார்கள். பைபோலார் உள்ளவர்களுக்கு மூளையின் மேற்பட்டை, முக்கியமாக நெற்றிப் பக்கத்திலும் பக்கவாட்டிலும், சராசரியாகக் கொஞ்சம் மெலிந்திருந்தது. பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம் என்ற குளிசையைக் குடிப்பவர்களுக்கு அந்த மெலிவு குறைவு. போர்டர்லைனில் அதிகம் பேசப்படுவது அமிக்டலா. பாதாம் பருப்பு அளவில் இருக்கும், ஆபத்து வந்தால் மணியடிக்கும் பகுதி. கோபமுமில்லாத சிரிப்புமில்லாத சாதாரண முகத்தைக் காட்டினாலே சிலருக்கு அது துடிக்கிறது; அடக்கி வைக்க வேண்டிய நெற்றிப் பக்கம் அந்த நேரத்தில் மந்தமாகிவிடுகிறது. நீங்கள் பேசாமல் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது, "என்னில என்ன கோபம்?" என்று அவள் கேட்டிருப்பாளே, அதுதான்.

ஆனால் இதெல்லாம் பலரைக் கூட்டிப் பார்த்த சராசரி. ஒரு ஆளின் படத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், நோயில்லாதவரின் படத்தோடு அது கலந்துவிடும்.

உங்கள் வீட்டுக் கலண்டர் அதைவிடக் கூடுதலாகச் சொல்லும். பைபோலாரின் ஏற்றம் மாரியில் வாவி ஏறுவது போல. யாரும் ஒன்றும் சொல்லாமலே ஏறும், நாட்கணக்கில் நிற்கும். பொதுவாக ஏழு நாளாவது நீடித்தால்தான் அதை மேனியா என்று எழுதுவார்கள். அதைவிட மிதமான ஏற்றத்துக்கு நான்கு நாள். போர்டர்லைனில் மனம் மணிக்கணக்கில் மாறும். பெரும்பாலும் யாரோ ஒருவரின் முகமோ மௌனமோ அதற்குமுன் நடந்திருக்கும். தையல் மெஷின் கதை முதலாவதைப் போலவும், கோப்பை கதை இரண்டாவதைப் போலவும் எனக்குப் படுகிறது. இரண்டும் ஒரே ஆளுக்கு வருவதுண்டு. ஆகவே இரண்டு வைத்தியர்களில் ஒருவர் பிழை என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். ஆளுக்கொரு பாதியை அவர்கள் பார்த்திருக்கலாம். நான் கடிதத்தை மட்டும்தான் பார்த்தேன்.

இன்றிலிருந்து கலண்டரில் எழுதுங்கள்: எத்தனை மணி நேரம் உறங்கினாள், மனம் எப்படி, அதற்குமுன் என்ன நடந்தது. மூன்றே சொல் போதும். உறக்கத்தைக் கவனமாகக் குறியுங்கள். உறக்கம் வராமல் மறுநாள் வாடிக் கிடப்பது வேறு, உறங்காமலே சுறுசுறுப்பாகத் திரிவது வேறு. அவளுக்குத் தெரியாமல் எழுத வேண்டாம். தன்னை வேவு பார்ப்பதாக நினைத்துவிட்டால் அதற்கே ஒரு கோப்பை பறக்கும். அவளே எழுதினால் இன்னும் நல்லது.

பெயர் எதற்கு என்றால், மருந்துக்காக. பைபோலாருக்குக் குளிசைதான் அடித்தளம். மனச்சோர்வுக் குளிசையை மட்டும் தனியே கொடுத்தால் சிலரை அது மேனியாவுக்குத் தூக்கிவிடும். அதனால் பழைய மருந்துத் துண்டுகள் எல்லாவற்றையும் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். லித்தியம் எழுதினால் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. நம் வெயிலுக்குத் தண்ணீர் குறையக் கூடாது. கடையில் வாங்கும் நோக்குளிசை, முக்கியமாக இபுபுரோபன், கேட்காமல் போடக் கூடாது.

போர்டர்லைனுக்குப் பேச்சுச் சிகிச்சைதான் முதல் மருந்து. அதில் பேர்பெற்ற முறையை உருவாக்கிய அமெரிக்கப் பேராசிரியர் மார்ஷா லினஹான், இளவயதில் தானும் மனநல ஆஸ்பத்திரியில் கிடந்தவர் என்று 2011 இல் வெளிப்படையாகச் சொன்னார். போர்டர்லைன் உள்ளவர்களை ஆய்வாளர்கள் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், பெரும்பாலானோருக்கு அறிகுறிகள் நன்றாகவே தணிந்திருக்கின்றன. 'குணமே அப்படித்தான்' என்று யாராவது கையை விரித்தால் நம்ப வேண்டாம்.

அம்மா கட்டாடியிடம் கூட்டிப்போய்க் கயிறு கட்டினால் கட்டட்டும், அதற்காகச் சண்டை வேண்டாம். குளிசையை நிறுத்தச் சொன்னால் மட்டும் அங்கிருந்து எழும்பி வந்துவிடுங்கள். அவள் சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். தனியே விடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்; தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காசில்லாமலே பார்க்கலாம். கலண்டர் தாளையும் துண்டுகளையும் மேசையில் வைத்து, "இந்தக் குளிசை இரண்டில் எதுக்கு, சேர்?" என்று கேளுங்கள். தையல் மெஷின் கடைக்கும் ஒரு நடை போய்வாருங்கள். பெட்டி பிரிக்காத மெஷின் ஏதும் இருந்தால் திருப்பி எடுப்பார்களா என்று கேட்டுப் பார்க்கலாம்.